மலைக்குக் கீழே பதின்மூன்று கிலோமீட்டர்

சைக்கிள் கம்பெனியில் பதினான்கு வருஷம் வேலை பார்த்த ஒருவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். யாரும் நம்பமாட்டார்கள் என்பதால்தான் அவரால் அதை அத்தனை காலம் மறைக்கவும் முடிந்தது.

அவரை எல்லோரும் மூட்டைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். கம்பெனி அவருடைய மச்சானுடையது, அதாவது மனைவியின் அண்ணனுடையது. ஊரை ஒட்டியிருந்த மலையைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நாற்பத்தொரு வளைவுகள் ஏறி மறுபக்கம் இறங்கும் பழைய சாலை. இன்னொன்று, மலையின் அடிவயிற்றைக் குடைந்து போட்ட பதின்மூன்று கிலோமீட்டர் சுரங்கப்பாதை. சுரங்கப்பாதை வந்த பிறகு பழைய சாலையில் வண்டிகள் போகத் தடை விதித்து, அடிவாரத்தில், சுரங்க வாசலுக்குப் பக்கத்திலேயே, குறுக்கே இரும்புத் தடுப்புக் கம்பி போட்டுவிட்டார்கள். அதற்குமேல் சைக்கிள் போகலாம், ஆள் நடக்கலாம், மாடு மேயலாம். ஹாரன் கிடையாது, புகை கிடையாது. அதற்காகவே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். காலையில் தண்ணீர் பாட்டிலும் மழைக்கோட்டும் மட்டும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறுவார்கள். சாயங்காலம் மறுபக்கத்து விடுதிக்குள் நுழைந்தால் அவர்களுடைய பைகள் அவரவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும். கம்பெனி விளம்பரத்திலேயே அது இருந்தது: 'நீங்கள் வருவதற்கு முன் உங்கள் பை வந்திருக்கும்.'

அந்தப் பைகளைச் சுரங்கப்பாதை வழியாக வேனில் கொண்டுபோவதுதான் அவர் வேலை. காலையில் போகிற கூட்டத்தின் பைகள், மத்தியானம் திரும்புகிற கூட்டத்தின் பைகள். சாலை திறந்திருக்கும் ஐந்து மாதமும் ஒரு நாள் ஓய்வில்லை. பனி விழுந்து பழைய சாலை மூடினாலும் வேன் நிற்காது, அப்போது விடுதிகளுக்குச் சாமான் ஏற்றவேண்டும். ஆக மேலே வழி திறந்திருக்கும்போது இவருக்கு வேலை, வேலை குறையும்போது மேலே வழி இல்லை. பதினான்கு வருஷத்தில் அந்த மலையின் உச்சியை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

ஆனால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் முகமெல்லாம் சிவந்து, உதடு வெடித்து இறங்கி வருகிறவர்கள் யாரிடமாவது சொல்லித் தீர்த்தாகவேண்டும். முதலில் கண்ணில் படுகிறவர் இவர்தான்.

"மேல அந்த ஏரி இருக்கே, என்ன நிறம் அது! நீங்க பாத்திருப்பீங்கல்ல?"

"ஆமாங்க. காலை வெயில்ல இன்னும் அழகா இருக்கும். மேகம் தண்ணிக்குள்ள நீந்தற மாதிரி தெரியும்."

போன வாரம் ஒருவர் சொன்னதை இந்த வாரம் வந்தவரிடம் சொல்வார். அவர்களும் தலையாட்டுவார்கள். மலையைப் பற்றி அவரளவுக்கு அழகாகப் பேச அந்த ஊரில் ஆள் கிடையாது.

முன்பு அவர் லாரி ஓட்டியவர். ஒரு விடியற்காலையில் ஸ்டியரிங்கில் கண் அசந்து, சாலையோரத்துக் கிடங்குச் சுவரில் கொண்டுபோய் மோதினார். ஆள் யாரும் சாகவில்லை. ஆனால் மூன்று மாதம் ஆஸ்பத்திரி, லைசென்சில் கறுப்புப் புள்ளி. அதற்குப் பிறகு எந்த லாரி முதலாளியும் வாசலில் நிற்கக்கூட விடவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம், மனைவி வயிற்றில் ஏழு மாதம். அப்போது மச்சான் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "நான் இருக்கறப்ப நீ எதுக்கு மாப்ளே ஊர் ஊரா அலையணும்? வேன் இருக்கு, மேல ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. வந்துடு" என்றார்.

மச்சான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம், ஒரு நாள் சண்டை போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவர் பிறந்தநாள்களை நினைவில் வைத்திருப்பார், காய்ச்சல் வந்தால் மருந்து வாங்கி வருவார். அதே உரிமையில் கதவைத் தட்டாமல் உள்ளே வருவார். "ஃப்ரிட்ஜை அந்தப் பக்கம் போட்டா காத்து வரும்டா" என்று அவரே நகர்த்திவிட்டுப் போவார். பனிக்காலத்தில் கீழே சைக்கிள் ஷெட்டில் ஈரம் ஏறுகிறது என்று அறுபது சக்கரங்களைக் கொண்டுவந்து அவர்களுடைய படுக்கையறைச் சுவர் முழுக்க மாட்டிவைத்தார். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். ஒவ்வொரு பனிக்காலமும் அந்தக் கொஞ்ச நாள் வந்தது. மகள் பள்ளி விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு இரண்டாவது அறைக்கும் டயர்கள் ஏறிவந்தன. ஜன்னலைத் திறந்தால் நாலடி தள்ளி பக்கத்து ஹோட்டலின் சமையலறைச் சுவர், அதில் ஒரு புகைப்போக்கி. மலை இருக்கிற திசைக்கு அந்த வீட்டில் ஜன்னலே கிடையாது.

செய்த உதவி மூக்கணாங்கயிறு மாதிரி. இழுக்கிறவர் இழுக்கக்கூட வேண்டாம், கயிறு இருக்கிறது என்று மாட்டுக்குத் தெரிந்தால் போதும்.

சைக்கிள் விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். சின்ன வயதில் கற்றுக்கொள்ளாமல் விட்டுப்போயிற்று, பிறகு நேராக லாரியின் கிளீனர் சீட்டில் ஏறிவிட்டார். கம்பெனியில் யாராவது "ஒரு ரவுண்டு வாங்களேன்" என்றால், விபத்தில் அடிபட்ட முழங்காலைத் தடவிக்கொள்வார். முழங்காலில் ஒரு குறையும் இல்லை. மனைவியோ அந்த ஷெட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். பதினைந்து வயதில் அண்ணனுக்கு முன்னால் மலை ஏறி இறங்கியவள் என்று ஊரில் பேச்சு. இப்போது ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் அறையில் வியர்வைச் சட்டைகளைத் துவைப்பதும், பஞ்சர் ஒட்டுவதும், கோணிப்போன சக்கரத்தைக் கம்பி கம்பியாக முறுக்கி நேராக்குவதும் அவள் வேலை. சரிபார்த்த சைக்கிளைச் சோதிக்க முற்றத்தில் ஒரு வட்டம் சுற்றுவாள். அதுவும் கணவன் வேனில் போன பிறகு.

சுரங்கப்பாதையை அவர் உள்ளங்கை மாதிரி அறிந்திருந்தார். முந்நூறு மீட்டருக்கு ஒரு பச்சைக் கதவு, ஆபத்தில் தப்பிக்க. மொத்தம் நாற்பத்து மூன்று. ஏழாவது கதவுக்குமேல் தண்ணீர் கசிந்து சுவரில் ஒட்டகம் போல ஒரு கறை. இருபதைத் தாண்டினால் ரேடியோ கரகரத்துச் செத்துப்போகும். மஞ்சள் விளக்கு, மின்விசிறிகளின் உறுமல், முன்னால் போகிற லாரியின் பின்பக்கம். இவ்வளவுதான் பதினான்கு வருஷமும் அவர் கண்டது. சில நாள் உள்ளே நெரிசலில் வண்டிகள் நின்றுவிடும். மற்றவர்கள் ஹாரன் அடிப்பார்கள், இவர் ஸ்டியரிங்கில் தாடையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். வெளியே போனால் மட்டும் என்ன வாழ்ந்தது என்று தோன்றும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்ட கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் இருந்தார். அறுபத்திரண்டு வயது. மூன்றாவது தடவையாக வந்தவர், எல்லோரையும் வகுப்புப் பிள்ளைகளாக நினைத்துப் பேசுவார். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுகிறவர். போன வருஷம் சைக்கிளிலேயே வைத்திருந்து வெயிலில் மருந்து கெட்டுப்போனதால், இந்தத் தடவை எல்லாவற்றையும் ஒரு சிறிய ஐஸ் பெட்டியில் போட்டு மூட்டைக்காரர் கையில் கொடுத்தார்.

"இதைப் பைகளோட அடுக்கிடாதீங்க. சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னாடி எனக்கு வேணும். தலைகீழா வைக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதும்மா."

"என்ன புரிஞ்சுது, சொல்லுங்க?"

அவர் ஒப்பித்துக் காட்டினார். டீச்சர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு எட்டு மணிக்குக் கம்பியைத் தாண்டிப் போனார்.

பத்தரை மணிக்கு, பதினான்காவது கதவுக்குப் பக்கத்தில் முன்னால் போன வண்டிகள் நின்றன. வழக்கமான நெரிசல் என்றுதான் நினைத்தார். பிறகு மஞ்சள் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பாக மாறின. ஒலிபெருக்கியில் ஒரு குரல், வண்டிகளை அணைத்துவிட்டு வெளியேறச் சொன்னது. தூரத்தில், கூரையை ஒட்டி, கறுப்பாக ஒன்று மெதுவாக நகர்ந்து வந்தது. எங்கோ ஒரு லாரி பற்றி எரிகிறது என்று அவருக்கு வாசனையிலேயே தெரிந்தது.

ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். பலர் வந்த வழியே சாலையில் ஓடப் பார்த்தார்கள். ஒரு பெண் பச்சைக் கதவை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டே "பூட்டியிருக்கு, பூட்டியிருக்கு" என்று அலறினாள்.

"தள்ளாதீங்கம்மா, இழுங்க!" என்று அவர் கத்தினார். "நம்ம பக்கமாத்தான் திறக்கும்!"

ஐஸ் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்க் கதவை இழுத்துப் பிடித்தார். ஒரு பஸ் டிரைவரைக் கூப்பிட்டு அடுத்த கதவுக்கு அனுப்பினார். சாலையில் ஓடியவர்களைப் பெயர் தெரியாமல் "நீல சட்டை! தொப்பிக்காரரே!" என்று கூவித் திருப்பினார். அந்தக் கதவு வழியாக நாற்பது பேருக்குமேல் உள்ளே போனார்கள். கடைசியாக நுழைந்து கதவை அவரே சாத்தினார்.

உள்ளே ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு ஒரு சிமெண்டுக் குழாய். நாலு கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். யாரோ அழுதார்கள், யாரோ கடவுளைக் கூப்பிட்டார்கள். ஒருவர் அவரிடம், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"ஏழாவது கதவு தாண்டியாச்சு. இன்னும் ரெண்டு கிலோமீட்டர். இனிமே லேசா இறக்கம், காலு வலிக்காது."

"உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

"நான் இதுக்குள்ளதாங்க இருக்கேன்" என்றார்.

வெளியே வந்தபோது மணி பன்னிரண்டு. சுரங்க வாசலில் போலீஸ், தீயணைப்பு வண்டிகள், ஆம்புலன்ஸ்கள். லாரி டிரைவர் மறுபக்கமாகத் தப்பிவிட்டார், உயிர்ச்சேதம் இல்லை என்றார்கள். ஆனால் சுரங்கப்பாதை இப்போதைக்குத் திறக்காது, நாள் கணக்காகும். மலையைச் சுற்றி மறுபக்கம் போகிற பெரிய சாலை ஒன்பது மணி நேரம். அதிலும் இப்போது வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

அவர் கழுத்தில் ஐஸ் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபக்கத்து விடுதிக்குப் போன் போட்டார். அது மலையிடுக்கில் நாலு வீடு உள்ள இடம். பக்கத்து ஊர் மருந்துக்கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்றார்கள். கூட்டத்தோடு போன வழிகாட்டியைக் கூப்பிடலாமென்றால் மேலே சிக்னல் இல்லை. மச்சானைக் கூப்பிட்டார். மச்சான் ஏதோ கூட்டத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தார்.

"நீ நல்லாருக்கியா மாப்ளே? அதைச் சொல்லு முதல்ல" என்றார் மச்சான். விஷயத்தைக் கேட்டதும், "இதுல என்ன யோசனை? ஷெட்ல போய் நல்ல சைக்கிளா ஒண்ண எடு. மேல போற வழிதான் இருக்கே. நாலு மணி நேரம். கிழவிங்களே ஏறிடுறாங்க" என்றார்.

"என்னால முடியாது மச்சான்."

"முழங்காலா? மெதுவாப் போ. எறங்கித் தள்ளு. மருந்துடா!"

சுற்றிலும் தீயணைப்புக்காரர்கள், குழாய்கள். ஒரு போலீஸ்காரர் வேறு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது மச்சான்."

மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே அடக்க முடியாத சிரிப்பு. "டேய்... பதினாலு வருஷமாடா? என் கம்பெனியிலயேவா?" போலீஸ்காரரும் கேட்டுவிட்டார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூட்டைக்காரர் போனை அணைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

இருபது நிமிஷத்தில் அவள் வந்தாள், சைக்கிளில். ஷெட்டிலிருந்து கம்பி போட்ட இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் ஏற்றம். யாரோ மறந்துவிட்டுப்போன, யாரும் கேட்டு வராத ஒரு மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தாள். கையில் இன்னும் சோப்பு வாசனை. அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தரம் பார்த்தாள். முகத்தில் படிந்திருந்த கரியைப் புறங்கையால் துடைத்தாள்.

"பெட்டியைக் குடுங்க."

"உன்னால முடியுமா? எத்தனை வருஷம் ஆச்சு."

"முடியலைன்னா வழில உக்காந்து அழுதுட்டு மறுபடி ஏறுவேன். குடுங்க."

"தலைகீழா வைக்கக் கூடாதாம்."

அவள் பெட்டியைப் பின்னால் ரப்பர் கயிற்றால் கட்டினாள். கம்பியின் ஓரமாகச் சைக்கிளை நுழைத்து ஏறி உட்கார்ந்தாள். முதல் வளைவில் எழுந்து நின்று மிதித்தாள். இரண்டாவது வளைவில் உட்கார்ந்து, நிதானமாக, ஒரே சீராகப் போனாள். மஞ்சள் சட்டை மேலே மேலே போய் மரங்களுக்குள் மறைந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் மனைவியின் முதுகை அவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. அது யாரோ ஒருத்தியின் முதுகு போல இருந்தது.

வேன் சுரங்கத்துக்குள் இருக்கிறது. பைகளும் உள்ளே. செய்ய ஒரு வேலையும் இல்லை. வீட்டுக்குப் போகலாம், போனால் சுவரில் சக்கரங்கள். கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதற்கடியில் குனிந்து மறுபக்கம் போய் நடக்க ஆரம்பித்தார்.

நடக்கத் தடை இல்லையே, இத்தனை வருஷம் நடந்தாவது போயிருக்கலாமே என்று கேட்கலாம். அவரும் அன்று வழியெல்லாம் தன்னையே அதைக் கேட்டுக்கொண்டுதான் போனார். ஒரு நாள் லீவு கேட்கவேண்டும், எதற்கு என்று மச்சான் அன்பாகக் கேட்பார், நடக்கவா, சைக்கிள் எடுத்துக்கோயேன் என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே காலம் போய்விட்டது.

சாலை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார், அவரே சொல்லியும் இருக்கிறார். ஆனாலும் காது பழகவில்லை. எங்கே விசிறிச் சத்தம் என்று தேடியது. பத்தாவது வளைவில் மாடுகள் சாலை நடுவே படுத்திருந்தன. லாரிக்காரப் பழக்கத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றார், அவை நகரும் என்று. நகரவில்லை. சுற்றிக்கொண்டு போனார். இருபத்தைந்தாவது வளைவுக்குமேல் மரங்கள் தீர்ந்து வெறும் கல்லும் புல்லும். மூச்சு வாங்கியது. முப்பதுக்குமேல் பனிமூட்டம் இறங்கிவிட்டது. கடைசிப் பத்து வளைவுகளை அவர் கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே ஏறினார். சாயங்காலம் ஆறு மணிக்கு உச்சியிலிருந்த கல் தங்குமிடத்தின் கதவில் முட்டிக்கொண்டுதான் வந்து சேர்ந்ததே அவருக்குத் தெரிந்தது.

தங்குமிடக்காரர் சூடாக டீ கொடுத்தார். கம்பியில்லா ரேடியோ ஒன்று வைத்திருந்தார், அதில் கேட்டுச் சொன்னார்: "மஞ்ச சட்டை போட்ட அம்மா நாலரைக்கே கீழ போய்ச் சேந்துட்டாங்களாம். அந்த டீச்சரம்மா ஊசி போட்டுக்கிட்டு, மருந்து கொண்டுவந்தவங்களுக்கு நன்றி சொல்லணும்னு எல்லாரையும் எழுந்து நிக்க வெச்சாங்களாம்."

பெஞ்சில் படுத்துத் தூங்கினார். சிமெண்டுக் குழாய்க்குள் நடப்பதாக ராத்திரி முழுக்கக் கனவு.

காலையில் மூட்டம் விலகியிருந்தது. வெளியே வந்து ஏரியைப் பார்த்தார். ஒரு விளையாட்டுத் திடல் அளவுதான். நல்ல பச்சை. அழகாகத்தான் இருந்தது, ஆனால் பதினான்கு வருஷமாக அவர் மற்றவர்களுக்கு வர்ணித்துக்கொண்டிருந்த ஏரி இதைவிடப் பெரியது. ஓரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் மிதந்தது. குனிந்து எடுத்துக் குப்பையில் போட்டார். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒன்பதரைக்கு மறுபக்கச் சரிவிலிருந்து மஞ்சள் சட்டை ஏறி வந்தது. அவரைப் பார்த்ததும் அவள் காலை ஊன்றி நிறுத்தினாள்.

"நீங்க எப்படி இங்க?"

"நடந்து."

"சாப்டீங்களா?"

"டீ குடிச்சேன்."

சைக்கிளைக் கல்லில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோல் வெயிலில் காய்ந்திருந்தது. உதட்டில் வெடிப்பு. தினமும் சாயங்காலம் அவர் பார்க்கிற முகங்களில் ஒன்றாக அவள் முகம் மாறியிருந்தது.

"நேத்து ஏறும்போது உங்களை நெனைக்கவே இல்லீங்க" என்றாள். "நெருப்புலேர்ந்து தப்பிச்சு வந்த மனுஷன். நெனைச்சிருக்கணும். அண்ணனையும் நெனைக்கல, பாப்பாவையும் நெனைக்கல. மருந்தைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துட்டேன். எறக்கத்துல கத்தினேன். சும்மா, வாய்விட்டு."

"ஏன் இத்தனை நாள் வரல நீ?"

அவள் ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

"உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு. நான் போய்ட்டு வந்தா ஊர் பேசும், பொண்டாட்டி ஏறுறா, புருஷன் ஏன் ஏறலைன்னு. உங்க முழங்கால் கதை வெளிய வந்துடும். பாப்பா பொறந்த புதுசுல ஒருநாள் நான் முத்தத்துல சுத்தறப்ப நீங்க மாடிப்படிலேர்ந்து பாத்தீங்க. அந்த முகத்தைப் பாத்ததும் விட்டுட்டேன்."

அவருக்கு அந்த நாள் நினைவிலேயே இல்லை. என்ன முகம் வைத்துக்கொண்டு பார்த்தாரோ. தன்னை மட்டும்தான் யாரோ அடைத்துவைத்திருப்பதாக இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"நான் போகாதேன்னு சொன்னதே இல்லையே" என்றார். சொன்ன உடனே அது மச்சானின் குரல் போலத் தன் காதிலேயே விழுந்தது.

"சொல்லலதான்" என்றாள் அவள்.

இறங்கும்போது அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள். முதல் வளைவு வரைக்கும்தான். அவர் நின்றுவிட்டார்.

"நீ ஓட்டிட்டுப் போ. நான் நடந்து வர்றேன்."

"பரவால்லீங்க, சேந்தே..."

"போன்னு சொல்றேன்ல. இந்த எறக்கத்துல யாராவது சைக்கிளை உருட்டுவாங்களா?"

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஏறிக்கொண்டாள். மேலேயிருந்து பார்த்தால் சாலை மடித்துப்போட்ட நாடா மாதிரி தெரிந்தது. ஒவ்வொரு மடிப்பிலும் மஞ்சள் சட்டை சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்து போனது. எங்கோ கீழே அவள் கத்துகிற சத்தம் கேட்டது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

சுரங்கப்பாதை ஒன்பது நாள் மூடியிருந்தது. வேனில் புகை வாசனை போகவே இல்லை. மச்சான் ஊரெல்லாம் கதையைச் சொன்னார். முதல் பாதி, மாப்பிள்ளை நாற்பது பேரைக் காப்பாற்றினார் என்பது. இரண்டாம் பாதி, சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது. ஜனங்களுக்கு இரண்டாம் பாதிதான் பிடித்திருந்தது. டீக்கடையில், "அண்ணே, மூணு சக்கரம் வெச்சது ஒண்ணு வாங்கித் தரட்டா?" என்று கேட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால் அது அவருக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இதற்கா பதினான்கு வருஷம் பயந்தோம் என்றிருந்தது.

அந்த ஒன்பது நாளும் விடிந்ததும் முற்றத்தில் மனைவி அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். சீட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினாள். "கீழ பாக்காதீங்க, போற எடத்தைப் பாருங்க." நாற்பத்தேழு வயதில் விழுவது வேறு மாதிரியான விழுதல். முட்டியில் நிஜமாகவே அடிபட்டது. எட்டாம் நாள் அவள் கையை எடுத்தது தெரியாமல் சுவர்வரை போய்ச் சுவரில் முட்டினார். ஒன்பதாம் நாள் சுவருக்கு முன்னாலேயே நின்றார். பத்தாம் நாள் சுரங்கப்பாதை திறந்தது. ஏழு மணிக்கு மச்சான் கீழேயிருந்து குரல் கொடுத்தார்: "மாப்ளே, வண்டி ரெடி!"

அந்த வருஷமே மனைவி வாரத்துக்கு இரண்டு நாள் பெண்கள் கூட்டங்களோடு வழிகாட்டியாக மேலே போக ஆரம்பித்தாள். தலைமையாசிரியை மச்சானுக்கு எழுதிய கடிதம் அதற்கு ஒரு காரணம். துவைக்க வேறு ஆள் வந்தது. சாயங்காலம் அவள் சிவந்த முகத்தோடு மறுபக்கத்து விடுதிக்குள் நுழையும்போது, அவளுடைய பையும் அவர் கையால்தான் அறைக்குப் போயிருக்கும். மறுநாள் வீடு திரும்பியதும் உட்கார்ந்து, மேலே பார்த்ததையெல்லாம் சொல்வாள். அவர் கேட்டுக்கொள்வார். சந்தோஷமாகத்தான் கேட்பார். சில நாள் பாதியில் எழுந்து வேனைத் துடைக்கப் போய்விடுவார்.

அடுத்த வருஷம் சாலை திறந்ததும் அவர் மச்சானிடம் போனார். இரண்டு வாரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம்.

"மச்சான், வாரத்துல ஒரு நாள் எனக்கு வேன் வேணாம்."

மச்சான் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "ஏன் மாப்ளே, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மேல போணும்."

"போலாமே! யார் வேணாம்னா? சீசன் முடியட்டும்."

"சீசன் முடிஞ்சா வழி மூடிடும் மச்சான்."

மச்சானுக்கு அது இதுவரை தோன்றியதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அந்த முகம் வாடியது. "நான் உனக்கு என்ன கொறை வெச்சேன் சொல்லு?" என்றார். நிஜமான வருத்தம். ஒரு குறையும் இல்லையே. ஆனால் அன்று மூட்டைக்காரர் அங்கிருந்து நகரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார், மச்சான் காலண்டரை எடுக்கும்வரை.

காலண்டரில் எல்லா வாரமும் நிரம்பியிருந்தது. புரட்டிப் புரட்டி மச்சான் ஒரு நாளைக் கண்டுபிடித்தார். அக்டோபரின் கடைசி ஞாயிறு. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். "உனக்குத்தான். யார் கேட்டாலும் தரமாட்டேன்."

அந்த வருஷம் பனி அக்டோபர் இருபத்து மூன்றாம் தேதியே விழுந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவர் சுரங்கப்பாதையிலிருந்து வெளியே வந்தபோது கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டியது. வெள்ளிக்கிழமை கம்பியில் பூட்டுப் போட்டார்கள். மச்சான் படியேறி வந்து, "என்ன பண்றது மாப்ளே, அடுத்த வருஷம் ஜூன்லயே எழுதிடறேன்" என்றார். உண்மையிலேயே வருந்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சைக்கிளை வெளியே எடுத்தார். ஷெட்டிலிருந்து கம்பிவரை மூன்று கிலோமீட்டர், லாரியும் பஸ்ஸும் போகிற சாலை. மனைவி பின்னாலேயே வந்தாள். "ஓரமா போங்க... கியரைக் கொறைங்க... பஸ் வருது, பயப்படாதீங்க." இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினார். ஐம்பது நிமிஷம் ஆயிற்று. கம்பிக்கு முன்னால் காலை ஊன்றி நின்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் சாலையே தெரியவில்லை, பனியில் ஒரு நாயின் காலடிகள் மட்டும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியிருந்தன.

"இங்கேர்ந்து முதல் வளைவு அவ்வளவா செங்குத்து இல்லீங்க" என்றாள் மனைவி. "ஏழாவதுலதான் கொஞ்சம் மூச்சு வாங்கும்."

அவர் தலையாட்டினார். பின்னால் ஒரு லாரி சுரங்க வாசலுக்காக வேகம் குறைத்து இரைந்தது. சைக்கிளைத் திருப்பப் பார்த்தார். சரிவில் ஏறி உட்கார்ந்துகொண்டு திரும்புகிற வித்தை இன்னும் கைவரவில்லை. இறங்கி, சைக்கிளைத் தூக்கிக் கையாலேயே திருப்பிவைத்து, பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்.